அரைஞாண் கயிறும் பதினெட்டு நாளும்

அன்பு மகன் செந்தில்முருகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம், ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. நீ சுகமா என்று கேட்க வழியில்லை, சுகமில்லை என்று நீயே போனில் சொல்லிவிட்டாய், அதுவே எனக்குப் பாதி நிம்மதி. திங்கட்கிழமை டொராண்டோவில் மனநல ஆஸ்பத்திரியில் சேரவேண்டும், பயமாக இருக்கிறது என்றாய். தபாலில் போட்டால் அதற்குள் வராது, இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். எனக்கு அந்த மாதிரி இடம் தெரியும். நீ ஒன்பதாம் வகுப்பு படித்தபோது முதுகுவலிக்கு எண்ணெய் வைத்தியம் என்று கேரளா போனேனே, கேரளாவும் இல்லை எண்ணெயும் இல்லை, பாளையங்கோட்டையில் அப்படியொரு ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தேன். திரும்பிய அன்று அம்மா என் முதுகில் தைலம் தேய்த்துத்தான் தெருவுக்குள் கூட்டி வந்தாள், மூன்று வீட்டுக்கு மணத்தது.

சேர்ந்ததும் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். ரேசர், பெல்ட், நாடா எல்லாம் வாங்கிக்கொள்வார்கள், சண்டை போடாதே. என்னிடம் எஸ்றா என்ற ஆண் நர்ஸ் அரைஞாண் கயிற்றையும் கேட்டார். செத்தால்தான் அறுப்பார்கள் என்று கத்தினேன். அண்ணாச்சி, கவர்ல ஒங்க பேரு எழுதிப் பத்திரமா வைக்கேன், போவும்போது வாங்கிக்கிடுங்க என்றார். அதன்பின் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசும் நேரத்தில் கைதட்டச் சொன்னால் நான் ஒரு கையால் தொடையில் தட்டுவேன், மற்றக் கை வேட்டியில். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. மாத்திரையை விழுங்கினாயா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், முதலில் தூக்கமாக வரும், வாய் வறளும். டாக்டர் நேற்றுக் கேட்டதையே இன்றும் கேட்பார், அவருக்கு மறதி இல்லை, உன் பதில் மாறுகிறதா என்று பார்க்கிறார். எஸ்றாவிடம் பத்து நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வாரம் என்னை நம்பி ஒரு கயிற்றைக் கொடுக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. உனக்கும் அப்படி நினைப்பு வந்தால் வெட்கப்படாமல் அங்கே இருப்பவர்களிடம் உடனே சொல்லிவிடு. நீ எங்களுக்கு வேண்டும்.

இந்தத் தடவை முதுகுவலிக் கதை கிடையாது. எம் பிள்ளைக்கு மனசு சரியில்ல, வைத்தியம் பாக்குதான்னு நானே சொல்லுதேன் என்கிறாள் அம்மா, நேற்றே நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டது. நன்றாகத் தூங்கு, நன்றாகச் சாப்பிடு, எங்கள் ஆசி எப்போதும் உண்டு. லேஸ் இல்லாத ஷூ கொண்டுபோக மறக்காதே. உனக்கும் ஒரு புதுக் கறுப்புக் கயிறு வாங்கி, கவரில் உன் பெயர் எழுதி, என் பீரோவில் வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
அப்பாத்துரை