புது வழியில் வந்த குருவி

அலுமாரியை ஒதுக்கும்போது, நீ குருவி பிடிக்கும் வலை வைத்த பை கையில் பட்டது. திறந்ததும் வாவிச் சேற்று வாசனை. நீ கழுவிக் காயவைத்து மடித்ததுதான்; ஆனாலும் அது போகவில்லை.

மாரி தொடங்கினால் விடியுமுன்னே என்னை எழுப்பிவிடுவாய். வந்தாறுமூலைக்கு அப்பால், வாவிக்கரைப் பற்றைகளுக்கிடையில் அந்த மெல்லிய வலையைக் கட்டிவிட்டுக் காத்திருப்போம். நீ பல்கலைக்கழக வளாகத்தில் விலங்கியல் படிப்பித்தவள். நான் பழுகாமத்து வயற்காரன், உனக்கு வலைக்கம்பு பிடிக்க வந்த கணவன். வடக்கே குளிர் நாடுகளிலிருந்து வரும் சின்னக் குருவிகளின் காலில் வளையம் போட்டுப் பறக்கவிடுவாய். தாய் தகப்பன் கூட வராமலே, முதல் பயணத்தை இரவில் தனியாகப் பறந்து முடிக்கும் குஞ்சுகள் உண்டென்றாய். போகும் திசை பிறப்போடு வருவதாம். நான் நம்பக் கொஞ்சக் காலம் எடுத்தது.

ஒருநாள் வலையில் விழுந்ததைப் பார்த்துக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினாய். மலேசியாப் பக்கம் போயிருக்க வேண்டிய குருவியாம். பாவம், வழி தவறிவிட்டது என்றேன். நீ அதன் நெஞ்சிறகை ஊதி விலக்கி, தோலுக்கடியில் மஞ்சளாய்த் தெரிந்த கொழுப்பைக் காட்டினாய்.

"தவறித்தான் வந்திருக்கு. ஆனா நல்லாத் திண்டிருக்கு, பாருங்க. இது உயிரோட திரும்பிப் போய்க் குஞ்சு பொரிச்சா, அதுகளும் இஞ்ச வரலாம். புது வழி இப்பிடித்தான் உண்டாகிற."

அடுத்த மாரியில் அதே பற்றையில், நீ போட்ட அதே வளையத்தோடு அது அகப்பட்டபோது, வளைய எண்ணை என்னையும் ஒருமுறை வாசிக்கச் சொன்னாய்.

நீ கண்ணை மூடியபின், மகள் ஜப்பானுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். முதியோரைப் பராமரிக்கும் வேலை. என் ஆட்கள் கட்டாருக்கும் உன் ஆட்கள் லண்டனுக்கும் போனவர்கள். அங்கே என்றால் போய் இறங்க ஒரு வீடாவது இருக்கும். ஜப்பானில் நமக்கு யார்? பல நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவளே கேட்டாள்.

"அப்பா, முதல்ல லண்டனுக்குப் போன மாமாக்கு அங்க ஆர் இருந்த?"

அப்படியே உன் குரல். அன்று பின்னேரமே பயணப் பெட்டி வாங்க அவளோடு பட்டணத்துக்குப் போனேன்.

போன கிழமை ஒரு படம் அனுப்பியிருந்தாள். பனி படிந்த வேலியில் ஒரு குருவி. என்ன குருவி என்று கேட்டிருந்தாள். "அம்மாட்டக் கேட்டுச் சொல்றன்" என்று எழுதியிருக்கிறேன். என்ன எழுதினேன் என்பது அனுப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது. அழிக்கலாமா என்று யோசிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஓம், கேளுங்க அப்பா."

வயிறு செம்மஞ்சள். முகம் கறுப்பு. செட்டையில் ஒரு வெள்ளைப் பொட்டு. என்ன குருவி அது, சொல்லு.