குழியிடம் விடைபெற்றது

ஒக்டோபர், ஞாயிறு இரவு. ரெய்னர்ஸ் லேன்.

அயர்லாந்திலிருந்து பின்னேரம் வீடு வந்து சேர்ந்தோம். வியாழக்கிழமை இவருக்கு இதய ஒப்பரேசன். பயமில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். சொன்ன முகம் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு முன் எங்காவது போய்வர வேண்டும் என்று இவர்தான் பிடிவாதம் பிடித்தார்.

நேற்றுப் பார்த்த பழைய கோபுரக் கோட்டை மனத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஒடுங்கிய சுழல்படி ஏறினால் மேலே ஓர் அறை. அதன் மூலையில், தரையில் ஒரு குழி. கைதிகளை அதற்குள் தள்ளிவிடுவார்களாம், வெளியே வர வழியே இல்லையாம் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். எட்டிப் பார்த்தேன். ஈரக் குளிர் முகத்தில் அடித்தது.

மற்றவர்கள் இறங்கிய பிறகு, இவர் குழிப்பக்கம் திரும்பி, யார் வீட்டு வாசலிலோ நிற்பதுபோல, "அப்ப நாங்கள் போட்டு வாறம்" என்று விடைபெற்றார்.

"செத்த வீட்டிலயே அப்பிடிச் சொல்லக் கூடாது. இஞ்ச வந்து சொல்லுறியள்?"

"பழக்கதோஷம். ஆர் கேக்கப் போகினம்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது பக்கத்தில் நித்திரை. ஹீட்டர் போட்டிருந்தும் இவர் கை சில்லென்று இருக்கிறது. சற்று முன் ஏதோ முணுமுணுத்தார். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று குனிந்தேன். முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. வயதில் மூத்த ஒருவருக்குப் பணிவாகப் பதில் சொல்லும் குரல்.

"ஓம். வாறன் எண்டு சொன்னனான்தானே."