பினாங்குக் கப்பலில் ஊர்க் கடிதம்

ஆவணி 5, வெள்ளி
சென்னைத் துறைமுகம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. வந்தது காலை ஆறுக்கு, கப்பல் ஏறியது மூன்றுக்கு. டாக்டர் பரிசோதனை என்று ஆட்டு மந்தை மாதிரி ஓட்டினார்கள். மேலே கேபின்காரர்களுக்கு நாற்காலி, சர்பத். எங்களுக்கு டெக். இரும்புத் தரை, தலைக்கு மேல் கித்தான்.

பெட்டியில்: பாஸ்போர்ட், அம்மை ஊசிச் சீட்டு, அவர் கடிதங்கள், கர்ணம் எழுதிய ஊர்க் கடிதம். நான் அவர் மனைவி, மல்லிகா அவர் குழந்தை என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. அவர் பினாங்கு போனபோது இவள் வயிற்றில். இன்னும் முகம் பார்க்கவில்லை.

கடிதம் தெலுங்கில். தமிழில் கேட்டேன். "நம்ம நகரி ஊரே ஆந்திராவுக்குப் போயாச்சு, காயிதம் மட்டும் மெட்ராஸுக்கு வருமா?" என்றார் கர்ணம். இந்த அழகுக்கு எங்கள் தறிச் சேலை ஒன்றையும் வாங்கிக்கொண்டார். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது.

ஆவணி 6, சனி
நாகப்பட்டினம். கப்பல் கரைக்குப் போகவில்லை. ஜனங்கள் படகில் வந்து வந்து ஏறினார்கள். கூட்டம், வெங்காய மூட்டை, நாற்றம்.

எங்கள் இடத்துக்குச் சாக்பீஸ் கோடு போட்டிருந்தேன். காலையில் டெக்கைக் கழுவினார்கள், கோடு போச்சு. பக்கத்துத் திருப்பதி அம்மாள் (சிங்கப்பூரில் மகன்) தன் பாயை ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறாள். கேட்டால் தெலுங்கில் பத்து வார்த்தை. நானும் தெலுங்கிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஊரில்தான் எல்லைத் தகராறு என்றால் கடலிலுமா?

ஆவணி 8, திங்கள்
மழை. ஒரே ஆட்டம். மல்லிகா மூன்று தடவை வாந்தி. சோறு வேகவில்லை, பருப்பு வெறும் தண்ணீர். கேட்டதற்கு, டிக்கெட்டுக்கு ஏற்ற சாப்பாடு என்றான் சமையல்காரன். பற்றிக்கொண்டு வந்தது. தி. அம்மாள் ஊறுகாய் நீட்டினாள். நான் வாங்கவில்லை. மல்லிகா வாங்கிவிட்டாள், மானம் கெட்டவள்.

பினாங்கில் இருந்த பெரியவர் ஒருவர் சொன்னது: காகிதத்தில் பெயர் இல்லாத குழந்தையை இறக்க மாட்டார்களாம். அதே கப்பலில் திருப்பி அனுப்புவார்களாம். பெட்டியைத் திறந்து கடிதத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

ஆவணி 11, வியாழன்
பினாங்கு. மூட்டம். அதிகாரிகள் கப்பலிலேயே மேஜை போட்டார்கள். கூட ஒரு தமிழ் குமாஸ்தா. கடிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான். படிக்க ஆள் இல்லையென்றால் ஓரமாக நில் என்றான். ஒரு மணி நேரம் நின்றேன். குற்றவாளி மாதிரி. கரையில் அவர் காத்துக்கொண்டிருப்பார்.

வேறு வழியில்லை. சண்டைக்காரியையே கூப்பிட்டேன். தி. அம்மாள் உரக்கப் படித்து, தமிழிலும் சொன்னாள். எங்கள் பெயர், கல்யாணம் ஆன வருஷம், பெண் குழந்தை மல்லிகா. குமாஸ்தா எழுதிக்கொண்டான். முத்திரை விழுந்தது.

மூட்டை கட்டும்போது பக்கத்தில் வந்தாள். கடிதத்தை என் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"பாப்பா பேரு இதுல லேதும்மா. நானா சேத்திக்கினு படிச்சேன். கரையில யாருக்கும் காட்டாத."

பாவி கர்ணம். ஒரு பெயர் எழுதக் கை வலித்ததா? நன்றாகத் திட்ட வேண்டும் என்று வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

படகுக்குக் கூப்பிடுகிறார்கள். அவள் காலில் விழுந்து கும்பிடு என்றேன் மல்லிகாவிடம்.

எதுக்கும்மா என்கிறாள்.