சாவி ஆருட்ட கா?

வாய்க்கால் கம்பத்திலிருந்து நம் ஐஸ்கிறீம் பெட்டியை இன்று காலை கழற்றி வந்தேன். மூடியைத் திறந்ததும் சேற்று வாடையும் சோல்டர் ஈயம் கருகிய வாடையும் சேர்ந்து அடித்தன. உன் விரல்களில் எப்போதும் இருந்த வாடை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் ஊர் தன்னாமுனையில் உப்பு வாவித் தண்ணீர் வாய்க்காலுக்குள் ஏறி உப்புக் கூடினால், வயற்காரரின் போனுக்குச் செய்தி அனுப்பும் கருவி இது, காலி ஐஸ்கிறீம் பெட்டிக்குள் அடைத்தது. ஒன்றாகப் படித்து முடித்த கையோடு நாம் இருவரும் செய்தது. உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையின் வரைபடத்தையும் மென்பொருளையும் யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று ஒரு சின்னக் குழு வெளியிட்டிருந்தது. பிறகு ஒரு பெரிய நிறுவனம் அந்தக் குழுவை வாங்கி, "என்றென்றும் திறந்தே இருக்கும்" என்று அறிவித்தது. நான் துள்ளினேன். நீ மாங்காயை உப்பில் தொட்டுக்கொண்டே கேட்டாய்: "திறந்திரிக்கெண்டு சொல்றானுகள். சாவி ஆருட்ட கா?"

"சாவி யார்ட்ட இருந்தா என்ன? உனக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்றேன்.

"வாவி கடலில சேர்ற முகத்துவாரத்தப் பாரு. கடல் மண்ணத் தள்ளி மூடினாலும் மண்வெட்டியோட போய் வெட்டலாம். அதுக்குப் பூட்டும் இல்ல, சாவியும் இல்ல. இவனுகள்ட கதவு அப்படியா? ஆள் சேரும் மட்டும் திறந்திரிக்கும்."

சொல்லிவிட்டு அன்றே எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்தாய்.

நீ சொன்னபடியே ஆயிற்று, போ. புதிய பலகையின் வரைபடத்தை அந்த நிறுவனம் வெளியிடவில்லை. மென்பொருளுக்கு இனி அனுமதி வேண்டுமாம். கதவைச் சாத்தும் அறிவிப்பிலும் "எங்கள் சமூகத்துக்கு நன்றி" என்று எழுதியிருக்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள். "கேட்டியா கா!" என்று கத்தியே விட்டேன். நோய் உன்னைக் கொண்டுபோய் ஒரு மாரி கடந்த பிறகும் வாய்க்கு அது பழகவில்லை. இதைச் சொல்லிச் சிரிக்க இங்கே எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உன் பிரதியால்தான் பெட்டி இத்தனை நாள் ஓடியது. இப்போது அதுவும் செய்தி அனுப்பாமல் நின்றுவிட்டது. வயற்காரர் ஒருவர் போன் எடுத்தார். "தங்கச்சி, ஒரு செய்தியும் வரல்லயே. வட்டை வயலுக்குத் தண்ணி இறைக்கலாமோ? உப்புத் தண்ணி பாஞ்சா பயிர் கருகிப் போகும்."

மென்பொருளில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். ஆனால் ஏற்ற முடியவில்லை. மற்றவள் பார்த்துச் சரி சொல்லாமல் ஒரு வரியும் ஏறக் கூடாது என்று, நம் மென்பொருளை வைத்திருக்கும் தளத்தில் சட்டம் போட்டவள் நீ. என் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே இரண்டு வரி நக்கலடித்துவிட்டு, "பாத்திட்டன் கா, சரி" என்று முடிப்பாய். திரையில் இப்போது உன் பெயர் நிற்கிறது. பக்கத்தில், பார்வைக்குக் காத்திருப்பதாக ஒரு மஞ்சள் புள்ளி. ஊரான் பூட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். நம் வீட்டுப் பூட்டின் சாவியை நீ அல்லவா கொண்டுபோயிருக்கிறாய்!

அந்தச் சட்டத்திலிருந்து உன் பெயரை எடுத்தால் போதும். ஒரு அழுத்து. மத்தியானம் முழுக்கக் கை போகவில்லை. அந்த மனுசன் தண்ணீருக்குக் காத்திருப்பாரே என்றுதான் கடைசியில் எடுத்தேன். உடனே திறந்துகொண்டது. அவ்வளவு லேசாகத் திறந்ததுதான் தாங்க முடியவில்லை.

இனி யாரும் வந்து பார்க்கலாம், சரி பிழை சொல்லலாம் என்று சட்டத்தை மாற்றியிருக்கிறேன். நாளைக்கு எனக்கும் ஒன்று ஆனால் சாவி தேடி யாரும் அலையக் கூடாது. யார் வருவார்களோ, தெரியாது. ஏற்றும்போது குறிப்பு ஒன்று எழுதச் சொல்லித் திரை கேட்டது. நானே எழுதினேன்: "பாத்திட்டன் கா, சரி."