வெள்ளிவிழாவும் என் முதல் போனஸும்

டிசம்பர் 3, 2025, புதன்

காலையிலிருந்தே தூறல். ஆஸ்டின் டவுன் வீட்டிலிருந்து அடுகோடி ஆபீஸுக்கு நடந்தே போய்விடலாம் என்று கிளம்பி, பாதி வழியில் ஆட்டோ பிடித்தேன். நனைந்த துப்பட்டாவை நாற்காலியில் காயப்போட்டுவிட்டு ஹெட்போனை மாட்டினால், முதல் போனே, "உங்க லிஃப்ட் மூணாவது மாடியில நின்னுக்கிட்டு எங்களைப் பாத்து சிரிக்குது மேடம்." நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் சர்வீஸ் டெஸ்க் வேலை. போன் எடுக்க வேண்டும், புகாரைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கை அனுப்ப வேண்டும், அவர் சரிசெய்ததும் புகாரை மூட வேண்டும். சேர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிடித்திருக்கிறது. தமிழ், கன்னடம், இங்கிலீஷ், அரைகுறை உருது என்று ஒரு நாளில் நாலு பாஷையில் திட்டு வாங்குகிறேன். அதுவும் பிடித்திருக்கிறது.

மத்தியானம் ஆபீஸ் மெயில். ஆண்டு இறுதி போனஸ் 19ஆம் தேதி வரும். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வந்த மெக்கானிக் கோதண்டராமன் அண்ணாவிடம் கேட்டேன்.

"ஒரு மாச சம்பளம்மா. வருசா வருசம் எல்லாருக்கும் தர்றாங்க."

ஒரு மாதச் சம்பளம்! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ராத்திரி சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். 27ஆம் தேதியோடு மம்மிக்கும் டாடிக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். "கோயில் ஹால் எடுக்கலாம். பிரியாணி. எல்லாம் என் செலவு" என்றேன்.

டாடி சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "எத்தினி பேரைக் கூப்பிடலாம்?"

"எத்தினி பேரை வேணும்னாலும்."

டிசம்பர் 7, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் டாடியைக் காணோம். மாதா சிலை இருக்கும் கெபி பக்கத்தில் நாலு பேரை நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "எம் பொண்ணு பண்றாப்பா. நான் வேணாம்னுதான் சொன்னேன்." எப்போது வேண்டாம் என்றார்? ஹார்டுவேர் கடையில் நாள் முழுக்க ஆணியும் கீலும் எடுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேசாத மனிதர். இன்று ஒரு மணி நேரம் பேசினார்.

அறுபது பேர் ஆகிவிட்டார்கள். ஹாலை வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்திருக்கிறோம். 23ஆம் தேதிக்குள் பணம் கட்டவேண்டும்.

டிசம்பர் 12, வெள்ளி

மம்மி பீரோவிலிருந்து கல்யாணத்துக்குக் கட்டிய அந்த வயலெட் பட்டுப்புடவையை எடுத்து மொட்டை மாடியில் நிழலாகப் பார்த்து உலர்த்தியிருக்கிறாள். பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுக் காவல்.

டிசம்பர் 19, வெள்ளி

வந்துவிட்டது. இவ்வளவுதானா?

டிசம்பர் 20, சனி

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. ஒரு மாதச் சம்பளம் இல்லை. அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மெசேஜைப் பார்த்துவிட்டு, மீதி தனியாக வரும் போலிருக்கிறது என்று அரைமணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஒரு முட்டாள்.

அடுத்த சீட் ஷ்ரேயாஸ். நானும் அவனும் ஒரே வாரம் சேர்ந்தவர்கள். அவனாகச் சொல்லவில்லை, நான்தான் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. தமிழ் போன் வந்தால் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டுகிறவன் அவன். உருது வந்தாலும் நான்தான். அப்புறம் எப்படி? நான் என்ன குறைச்சலா செஞ்சேன்? யாருக்கு என்னைப் பிடிக்கல? எங்க டெஸ்க் மேனேஜர் சுனிதா மேடத்துக்கா?

பாத்ரூமில் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து ஆறு போன் எடுத்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. மம்மி "வந்திச்சா?" என்றாள். "திங்கக்கிழமை வரும்" என்றேன். பொய்.

டிசம்பர் 22, திங்கள்

இன்று சொல்லியே ஆகவேண்டும். நாளை ஹாலுக்குப் பணம்.

கிறிஸ்துமஸுக்குக் கலகலா உருட்டிக்கொண்டிருந்தோம், நானும் மம்மியும். முள்கரண்டியில் மாவைத் தேய்த்துச் சுருட்டிக்கொண்டே சொல்லிவிட்டேன். மம்மி கை நிற்கவில்லை. இரண்டு மூன்று கலகலா உருட்டிய பிறகுதான், "இதுக்குத்தான் மூணு நாளா மூஞ்சிய தூக்கி வெச்சிருந்தியா?" என்றாள்.

"டாடி எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரே மம்மி."

"சொன்னாரு. இப்ப போய் மாத்தி சொல்லட்டும். நான் பேசட்டா?"

"வேணாம். நானே சொல்றேன்."

டாடி வாசலில் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அவர் திரும்பவில்லை. மாட்டுச் சொரூபத்தை எடுத்து ஒரு பக்கம் வைத்தார், மறுபடி எடுத்து இன்னொரு பக்கம் வைத்தார்.

"அறுபது பேர் ஆஞ்சி" என்றார் கடைசியில்.

"தெரியும் டாடி. நான்தான் அவசரப்பட்டுட்டேன். எதுவும் கைக்கு வரதுக்கு முன்னாடியே."

"அவசரப்பட்டது நீ மட்டுமா? நான் கெபிகிட்ட நின்னு மைக் இல்லாம ஸ்பீச்சே குடுத்தேன்."

சிரிப்பாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். வீடு வீடாகப் போயிருக்கிறார். ஹால் இல்லை, பூசைக்கு எல்லோரும் வாங்க, சாப்பாடு வீட்டு மனுஷங்களுக்கு மட்டும், தப்பா எடுத்துக்காதீங்க என்று. எப்படிச் சொல்லியிருப்பார்? ஒரு வீட்டில் டீயும் குடித்தாராம். "யாரும் ஒண்ணும் நினைச்சுக்கல" என்றார். நினைத்திருப்பார்கள். அதை அவர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டிசம்பர் 24, புதன்

சரியாக ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஐந்து மணியோடு முடிந்தது, இதற்குமேல் இந்தக் கம்பெனிக்கு ஒரு நிமிடம்கூடத் தரக்கூடாது என்று இரண்டு நாளாக ஒரு வீம்பு. அப்போது சிவப்பு லைன் அடித்தது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அலாரம் பட்டனை அழுத்தினால் வரும் லைன். ஷ்ரேயாஸ் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "தமிழ்."

ஜோகுபாளையத்தில் ஒரு அபார்ட்மெண்ட். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் ஒரு அம்மா. பெயர் ருக்மிணி. "லைட் போயிடுத்து. எனக்கு மூச்சு முட்டறது. கதவைத் தள்ளிப் பாக்கட்டுமா?"

"கதவைத் தொடாதீங்க ஆன்ட்டி. உள்ள காத்து வரும், மூச்சு முட்டாது. கீழ உக்காருங்க. நான் லைன்லயேதான் இருக்கேன்."

கோதண்டராமன் அண்ணா இந்திரா நகரில் இருந்தார். பக்கம்தான், ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம். ஓல்டு மெட்ராஸ் ரோடு நகரவில்லை என்று மெசேஜ். அந்த அம்மா மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. என்ன பேசுவது? கையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பை. வெள்ளைப் பூசணிக்காய்... பாதி."

"என்ன செய்யப் போறீங்க?"

"மோர்க்குழம்பு."

"இருபது பேருக்கு வைக்கணும்னா எவ்ளோ தயிர் வேணும் ஆன்ட்டி? நிஜமாவே கேக்கறேன். சனிக்கிழமை எங்க வீட்டுல விசேஷம்."

பையை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், "தயிர் புளிச்சிருக்கணும். புளிக்காத தயிர்ல வெச்சா அது மோர்க்குழம்பே இல்லை" என்றார். குரலில் ஒரு கண்டிப்பு வந்துவிட்டது. பருப்பு எவ்வளவு ஊறவேண்டும், தேங்காயை எப்போது அரைக்கவேண்டும், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் என்று வரிசையாகச் சொன்னார். நான் நிஜமாகவே எழுதிக்கொண்டேன். இடையில் இரண்டு தடவை, "நீ போனை வெச்சுடலையே?" என்று கேட்டார். நாற்பது நிமிடம். கடைசியில் மேலே கோதண்டராமன் அண்ணாவின் குரலும் கதவு திறக்கும் சத்தமும் கேட்டன. அந்த அம்மா அழுதார். நானும்.

பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. 19ஆம் தேதியிலிருந்து இந்த நாற்பது நிமிடம்தான் நான் அந்தத் தொகையை நினைக்காமல் இருந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சுனிதா மேடத்திடம் கேட்டுவிடப் போகிறேன். நேராக. அழாமல்.

டிசம்பர் 26, வெள்ளி

கேட்டுவிட்டேன். சுனிதா மேடத்தின் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். அவர் கன்னடக்காரர். நான் போனால் தமிழும் கன்னடமுமாகக் கலந்துதான் பேசுவார். "குத்கோம்மா" என்று நாற்காலியைக் காட்டினார்.

"மேடம், என் போனஸ் எப்படிக் கணக்குப் பண்ணாங்கன்னு தெரிஞ்சுக்கலாமா? கம்ப்ளெயிண்ட் பண்ண வரல. புரியல, அதான்."

அவர் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். வேலை பார்த்த மாதங்களுக்கு மட்டும்தான் தருவார்களாம். அதிலும் ஆறு மாதப் பயிற்சிக் காலம் முடியாதவர்களுக்குப் பாதி. ஷ்ரேயாஸ் வேறு கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவன், அவனுக்குப் பயிற்சிக் காலமே கிடையாது. எல்லாம் எனக்குக் கொடுத்த வேலைக் கடிதத்தில் இருக்கிறது. அந்தக் கடிதத்தை மாதாவின் படத்தடியில் வைத்து ஜெபம் பண்ணினோமே தவிர, நான் முழுதாகப் படிக்கவே இல்லை.

ஆக, யாருக்கும் என்னைப் பிடிக்காமல் இல்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரியும் இருந்தது. எழுந்து வந்திருக்கலாம். எங்கிருந்து தைரியம் வந்ததோ, "என் வேலையப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க மேடம்?" என்றேன்.

"புதன்கிழமை கால் கேட்டேன். ஃபுல்லா. இந்த வருஷம் இந்த டெஸ்க்ல அந்த மாதிரி ஒரு கால் இல்ல." நான் சிரிக்கப் போனேன். "ஆதரே, ஆனா அந்தக் கம்ப்ளெயிண்ட்ட நீ இன்னும் க்ளோஸ் பண்ணல. இப்பவும் அது ஓப்பன். உன்னோடது மொத்தம் முப்பத்தொண்ணு இருக்கு. கஸ்டமர் திருப்பி போன் பண்ணா, சரியாச்சா இல்லையான்னு யாருக்குமே தெரியாது."

உண்மை. பேசி முடித்ததும் எனக்கு வேலை முடிந்துவிடுகிறது. மூடுவது என்பது ஏதோ கிளார்க் வேலை என்று தள்ளிப் போட்டிருக்கிறேன்.

"பிப்ரவரியில உன் ரிவ்யூ. நான் எதுவும் ப்ராமிஸ் பண்ணல, கொத்தாய்த்தா?"

புரிந்தது என்றேன்.

வெளியே கோதண்டராமன் அண்ணா நின்றிருந்தார். விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "புதுசா சேந்தவங்களுக்கு வேற கணக்குன்னு எனக்குத் தோணவே இல்லம்மா. என்னாலதான் உனக்குப் பேஜாராப் போச்சு" என்றார். "அப்ப நாளைக்கு வீட்டுக்குச் சாப்பிட வாங்கண்ணா" என்றேன். சனிக்கிழமை அசைவம் தொடமாட்டாராம். பரவாயில்லை, எனக்கு ஒரு மோர்க்குழம்பு தெரியும்.

டிசம்பர் 27, சனி

பங்குச் சாமியார் மம்மியையும் டாடியையும் பீடத்துக்கு முன்னால் நிறுத்திக் கல்யாண வார்த்தைப்பாட்டைப் புதுப்பிக்கச் சொன்னார். "இன்பத்திலும் துன்பத்திலும்" வரையில் டாடி சரியாகச் சொன்னார். அதற்கப்புறம் மம்மியைத் திரும்பிப் பார்த்தார். மம்மி மெல்ல எடுத்துக் கொடுத்தாள், மைக்கில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. கோயிலே சிரித்தது. வயலெட் புடவை கொஞ்சம் நைந்திருந்தது, யாருக்குத் தெரியப் போகிறது. அறுபது பேரும் வந்திருந்தார்கள், பூசைக்கு. கை கொடுத்துவிட்டுக் கேக் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மொட்டை மாடியில் பத்தொன்பது பேர். கேக்கும் சிக்கனும் என் போனஸ். டாடியே அடுப்பு மூட்டிச் சமைத்தார், தம்பி ரயான் வெங்காயம் உரித்து அழுதான். மோர்க்குழம்பு லேசாகத் திரிந்துவிட்டது. கோதண்டராமன் அண்ணா மூன்று தடவை போட்டுக்கொண்டார்.

எல்லோரும் போனபிறகு டாடி சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "ஹால்னா நான் வாசல்லயே நின்னு எல்லாருக்கும் கும்பிடு போட்டுனு இருந்திருப்பேன். உங்க மம்மி பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்க மாட்டேன்."

எனக்காகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா? இரண்டும்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 5, 2026, திங்கள்

ஷ்ரேயாஸிடம் நானே போய்க் கேட்டேன், அவன் எப்படி எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கிளம்புகிறான் என்று. பேசும்போதே பாதி எழுதிவிடுகிறான், கள்ளன். கற்றுக்கொடுத்தான். பதிலுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். முதல் பாடம்: "கதவைத் தொடாதீங்க."

ஜனவரி 21, புதன்

திறந்து கிடந்த முப்பத்தொன்றும் மூடியாயிற்று. இன்றையதும்.

பிப்ரவரி 25, புதன்

ரிவ்யூ முடிந்தது. வேலை நிரந்தரம். சம்பளத்தில் சின்ன உயர்வு. வீட்டில் நிரந்தரம் என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. மம்மி கேசரி கிளறினாள்.

மார்ச் 14, சனி

நிரந்தரமானவர்கள் ஒருநாள் மெக்கானிக்கோடு வெளியே போய்ப் பார்க்கவேண்டும் என்று சுனிதா மேடம் அனுப்பினார். கோதண்டராமன் அண்ணாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். அல்சூர் பக்கம் ஒன்பது மாடிக் கட்டிடம். ஆறரை மாதமாக லிஃப்டைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறேன், அதன் மெஷினை ஒருநாளும் பார்த்ததில்லை.

மொட்டை மாடிக்கு மேலே ஒரு சின்ன அறை. கிரீஸ் வாசனை. ஆள் உயரத்தில் பாதி வரும் ஒரு இரும்புச் சக்கரம், அதன்மேல் வரிசையாகக் கம்பிக் கயிறுகள். ஜன்னலுக்கு வெளியே ஏரி பளபளவென்று கிடந்தது.

"இவ்ளோதானா?" என்றேன்.

"இவ்ளோதான்" என்றார் அண்ணா. வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "நீயே போடும்மா" என்று சுவிட்சைக் காட்டினார்.

போட்டேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கீழே எங்கேயோ ஒரு பெண், "அம்மா, லிஃப்டுல லைட் வந்தாச்சு, படி ஏறாதே!" என்று கத்துவது கேட்டது. கீழே லிஃப்ட் கதவு மூடும் சத்தம். எங்கள் முன்னால் சக்கரம் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.