மண்ணெண்ணெயில் நின்ற மோட்டார்

லைட்ஹவுஸ் குப்பம்,
20-11-1986

என் அன்பான மாமாவுக்கு,

காந்தா எழுதுவது. நானும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் இருமல் தணிந்ததா, ராத்திரி வியர்வை நின்றதா? ஆஸ்பத்திரியில் கொடுக்கிற முட்டையை நீங்களே சாப்பிடுங்கள். போன தடவை மாதிரி பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி திருவேங்கடம் உயிரோடு இருக்கிறான். அவனோடு கடலுக்குப் போன சாலமனும் இருக்கிறான். குப்பத்திலிருந்து யாராவது அங்கே வந்து உங்களிடம் பாதியைச் சொல்லிப் பயமுறுத்துவதற்குள் முழுவதையும் நானே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து படகு மோட்டார் கீற்றுக் கொட்டகையில்தான் கிடந்தது. திருவேங்கடம் எத்தனையோ முறை கயிற்றை இழுத்துப் பார்த்தான். உள்ளங்கைத் தோல் உரிந்ததே தவிர அது ஒரு சத்தம்கூடப் போடவில்லை. பொன்னேரி மெக்கானிக்கிடம் ஆள் அனுப்பினோம். மழை விட்டதும் வருகிறேன் என்றார். வீட்டில் அரிசிக்கு என்ன செய்வது? அதனால் திருவேங்கடம் நம் குப்பத்துச் சாலமனைச் சேர்த்துக்கொண்டு கட்டுமரத்தில் போய்வந்துகொண்டிருந்தான்.

முந்தாநாள் காலையிலும் போனார்கள். கிளம்பும்போது கடல் சும்மா இருந்தது. வெயில் ஏறியதும் வாடைக் காற்று எழும்பிவிட்டது. நீங்கள் பார்த்திருக்கிற காற்றுதான், ஆனால் அவ்வளவு திடீரென்று நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கட்டுமரமாகக் கரைக்கு ஓடி வந்தது. இவர்கள் மட்டும் வரவில்லை. கடைசியாக வந்தவர்கள், முகத்துவாரத்துக்கு வடக்கே பாய் கிழிந்து ஒரு மரம் இழுபட்டுப் போனதைப் பார்த்தோம், யாருடையது என்று தெரியவில்லை என்றார்கள்.

திருவேங்கடத்தின் பெண்சாதி வேலம்மா அதைக் கேட்டுவிட்டு அழவில்லை. அலை வந்து மோதுகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். முந்தானை நனைந்து இழுபடுகிறது, அது அவளுக்குத் தெரியவே இல்லை. எனக்கு அவளைப் பார்க்கத்தான் அதிகம் பயமாக இருந்தது.

குப்பத்தில் உள்ள மற்ற இரண்டு மோட்டார் படகும் காசிமேட்டுக்குப் போயிருந்தன. துடுப்புப் போட்டு அந்தக் காற்றுக்கு எதிரே போக முடியாது. சுப்பராயலு பெரியப்பா நம் வீட்டுக்கு ஓடி வந்து, 'பூபதியோட மோட்டாரைக் குடும்மா, என் படகுல மாட்டிப் பாக்கலாம்'னு கேட்டார். அது கிளம்பாது பெரியப்பா என்றேன். 'கிளம்பலைன்னா அப்பால பாத்துக்கலாம், முதல்ல தூக்குங்கடா' என்று கொட்டகையிலிருந்து எடுத்து வந்து, கரையில் ஒரு பலகையில் மாட்டி, அடிப்பகுதி தண்ணீர் டிரம்மில் முங்கும்படி நிறுத்தினார்கள். டாங்கியில் புதுப் பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊற்றினார்கள். ஆள் மாற்றி ஆள் கயிற்றை இழுத்தார்கள். பெட்ரோல் வாடைதான் வந்தது.

நீங்கள் படகோரத்தில் உட்கார்ந்து அதைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் நான் சாமான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன் அல்லவா? பெட்ரோல் வாடை வந்தால் இழுக்காதே, பிளக் முழுகிப்போயிருக்கும் என்று நீங்கள் சொன்னது காதில் கேட்டது. இழுக்காதீங்க என்று கத்திவிட்டேன். 'இன்னா பண்ணப் போறே நீ, ஆம்பளைங்க இழுத்தே வரலை'னு ஒருவர் சலித்துக்கொண்டார். பெரியப்பாதான், 'அவ கைக்கு ஸ்பேனரைக் குடு'னு அதட்டினார்.

பிளக்கைக் கழற்றினேன். மைபோலக் கறுத்து நனைந்திருந்தது. துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, வயரில் சொருகி, பெட்ரோல் வாடை எட்டாமல் தள்ளி இருந்த மோட்டார் இரும்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு இழுக்கச் சொன்னேன். கையால் வெயிலை மறைத்துப் பார்த்தேன். நீலமாக ஒரு பொறி விழுந்தது. பொறி இருக்கிறது என்றால் கோளாறு எண்ணெய் போகிற வழியில்தான் என்று புரிந்தது.

அப்போதுதான் மாமா, எனக்கு அந்தக் கடைசி நாள் நினைவுக்கு வந்தது. மண்ணெண்ணெய் உள்ளே தங்கினால் மறுபடி கிளம்பாது என்று, கரைக்கு வரும்போது நீங்கள் எப்போதும் அதை அடைத்துப் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட்டுத்தான் நிறுத்துவீர்கள். அன்றைக்கு இருமலில் ரத்தம் வந்து, எதற்கும் நேரமில்லாமல் அப்படியே நிறுத்திவிட்டுச் சாய்ந்தீர்கள். உங்களைத் தூக்கி வருவதிலேயே எல்லோரும் இருந்தோம். மோட்டாரை யார் நினைத்தார்கள்? எண்ணெயும் காற்றும் கலக்கிற கார்புரேட்டருக்கு அடியில் உள்ள திருகைக் கழற்றியபோது அந்தப் பழைய மண்ணெண்ணெய் வெல்லப்பாகு நிறத்தில் ஒழுகியது. வடித்துவிட்டுப் பெட்ரோல் ஊற்றிக் கழுவித் திருகை மூடி, பிளக்கையும் மாட்டினேன்.

அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கூச்சல் போட்டார்கள். வேலம்மா திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு விக்கி விக்கி நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினோம், மறுபடியும் நின்றது. இது நடுக்கடலில் நின்றால் போனவர்களோடு இவர்களும் போய்விடுவார்களே என்று நினைத்தேன். பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று டாங்கி மூடியைத் திருகினேன். உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியைப் புரட்டிப் பார்த்தால், அதில் காற்றுப் போக ஊசித்துளை இருக்குமே, அதைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கை எடுத்துக் குத்தி, ஊதி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். துளையில் வானம் தெரிந்தது. அதற்குப் பிறகு மோட்டார் நிற்கவில்லை.

படகில் மாட்டி, பெரியப்பாவும் அவர் மகன்கள் இருவரும் ஏறினார்கள். எந்தக் காரணத்துக்கும் அங்கே போய் மோட்டாரை நிறுத்தாதீங்க என்று இடுப்பளவு தண்ணீரில் நின்று சொன்னேன். 'சரிம்மா, நீ கரையேறு'னு சொல்லிவிட்டு அலையைத் தாண்டிப் போனார்கள்.

அதுவரை எனக்கு இருந்தது ஒரு பயம். அதற்கு மேல் வந்தது வேறு பயம். மோட்டார் கிளம்பாமல் இருந்திருந்தால் அந்த மூன்று பேரும் கரையில் இருந்திருப்பார்கள். பெரியம்மாவும் இரண்டு மருமகள்களும் என் பக்கத்தில்தான் நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மோட்டார் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். அது மெலிந்துகொண்டே போனது. பிறகு கேட்கவில்லை. தூரம் போய்விட்டதா, காற்று தின்றுவிட்டதா, இல்லை நின்றேவிட்டதா? எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளைகள் வந்து பசி என்றார்கள். அவர்களை அடித்துவிட்டேன். பெரியவளை நான் அடித்ததே இல்லை, உங்களுக்குத் தெரியும்.

வெயில் சாயும்போது வேலம்மாதான் முதலில் எழுந்து நின்றாள். எங்கள் யாருக்கும் கேட்காதது அவளுக்குக் கேட்டிருக்கிறது. வெகுநேரம் கழித்துத்தான் எங்களுக்குப் படகு தெரிந்தது. உள்ளே எத்தனை தலை என்று எண்ணினோம். அலை தூக்கும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது வேறு கணக்கு. ஐந்து பேரும் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

திருவேங்கடமும் சாலமனும் வலைக்கயிற்றால் இடுப்பை மரத்தோடு கட்டிக்கொண்டு கிடந்தார்களாம். சாலமனுக்குக் கால் முறிந்திருக்கிறது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். உங்கள் தம்பிக்கு வெளிக்காயம்தான். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. நேற்று கஞ்சி கொடுக்கும்போது, 'மோட்டார் சத்தம் கேட்டதும் அண்ணன்தான் வந்துட்டாருன்னு நெனைச்சேன் அண்ணி'னு சொல்லி அழுதான். வலையும் பாயும் போய்விட்டன. போகட்டும்.

இதெல்லாம் நடந்த மறுநாள், அதாவது நேற்று, உங்கள் கடிதம் வந்தது. நெஞ்சில் ஒரு பக்க நுரையீரலை வெட்டி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும், வருகிற வாரம் நடக்கும் என்றும், நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மழையில் நீ அலைய வேண்டாம், பிள்ளைகளைப் பார், மோட்டாரைத் தம்பிக்குக் கொடுத்துவிடு என்றும் எழுதியிருக்கிறீர்கள். மற்றதையெல்லாம் படித்துவிட்டேன். அந்த மோட்டார் வரியை மட்டும் என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. ஊருக்கு வரப்போகிறவர் எழுதுகிற வரியா மாமா அது?

அதை யாருக்கும் கொடுக்கவில்லை. நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவி, பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி வைத்திருக்கிறேன். தம்பி வேண்டுமானால் ஓட்டட்டும். அவனிடம் அதைக் கொடுப்பதாக இருந்தால் நீங்கள் வந்து உங்கள் கையால் கொடுங்கள்.

பிள்ளைகளை வேலம்மாவிடம் விட்டுவிட்டு நாளைக் காலை தோணியில் பழவேற்காடு போய் பஸ் ஏறுகிறேன். வராதே என்று பதில் எழுத வேண்டாம். அது இங்கே வந்து சேரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து நின்றாலும் நிற்பேன். ஆனால் வார்டில் நாலு பேர் நடுவில் உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு அழுகைதான் வரும், ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டேன். அதனால்தான் எழுதிவிட்டேன்.

ஒருநாள் கரையில் நின்று காது கொடுத்துப் பார்த்துவிட்டேன் மாமா. இன்னொரு முறை அப்படி என்னால் தூரத்தில் நிற்க முடியாது. உள்ளே விடமாட்டார்கள் என்றால் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். மயக்கம் தெளிந்ததும் தண்ணீர் கேட்பது மாதிரி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். சின்னச் சத்தம் போதும். எனக்குக் கேட்கும்.

எல்லையம்மன் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும்.

உங்கள்
காந்தா