நாற்பத்தேழில் தொடங்கும் எண்

மார்ச் 3

கலம் தயார். மூன்று பேர் ஏறி விண்வெளியின் விளிம்பைத் தொட வேண்டும். பதினைந்து நாளுக்குள் அதே கலத்தில் இன்னொரு முறை போய்வர வேண்டும். அவ்வளவுதான், பரிசு எங்களுக்கு. அரசு ஆய்வகத்தில் பதினெட்டு வருஷம் கோப்பு தள்ளியவள் நான். இங்கே ஆறே பேர், பழைய அச்சகக் கட்டடம், ஒழுகும் கூரை. போதும். ஜெயிக்கிறோம்.

மார்ச் 9

போட்டிக் குழுவிடமிருந்து கடிதம். விதி ஆறு: அரசுப் பணத்தில் உருவான வடிவமைப்பு செல்லாது. உங்கள் வரைபடங்களின் எண்கள் எல்லாம் 47 என்று தொடங்குகின்றன, அது அரசு ஆய்வகத்தின் எண்ணாயிற்றே என்கிறார்கள். பத்து நாளில் பதில் வேண்டுமாம்.

ஸ்கேலைக் கூப்பிட்டேன். சட்டைப் பையில் ஸ்கேல் இல்லாமல் வீட்டை விட்டு இறங்காத என் டிராஃப்ட்ஸ்மேன், கலத்தின் படங்களை வரைபவர். அவரும் அந்த ஆய்வகத்தில் இருந்தவர்தான். இருநூற்றுப் பன்னிரண்டு படம், அத்தனையிலும் 47. "கை பழகிப்போச்சு மேடம்," என்றார். முகம் செத்துப்போயிருந்தது. திட்ட வாயெடுத்தேன். பிறகு அடங்கிவிட்டேன் — அத்தனையிலும் 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டது யார்?

மார்ச் 10

எண்களை மாற்றிவிடலாமா என்று ஸ்கேல் கேட்டார். வக்கீல் தங்கை போனிலேயே கத்தினாள்: மாற்றினால் திருட்டுப் பட்டம்தான் மிஞ்சும், வேலையை விட்ட பிறகு வரைந்தவை என்பதற்கு ஆதாரம் தேடு. ஆதாரமா? தேதி போட்டு எல்லாவற்றையும் முதலில் இந்த நாட்குறிப்பில்தானே கிறுக்குகிறேன்!

மார்ச் 11

நாலு வருஷ நோட்டுகளைப் புரட்டினேன். எல்லாம் ராஜினாமாவுக்குப் பின். ஒன்றைத் தவிர. கலம் தரையிறங்கும்போது ஊன்றும் கால்.

அதை வரைந்தது ராஜினாமாவுக்குப் பதினோரு நாள் முன்பு, ஆய்வகக் கூட்டத்தில். பக்கத்திலேயே இயக்குநரைப் பற்றி ஒரு வரி: 'இந்த ஆளுக்கு வாய் ஓயவே ஓயாது.' அரசுச் சம்பளம், அரசு நாற்காலி... யோசனை மட்டும் என்னுடையதா? ஒரு பக்கம். கிழித்தால் யாருக்குத் தெரியும்?

சீ. எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

மார்ச் 12

நோட்டுகளை அப்படியே அனுப்பிவிட்டேன், அந்தப் பக்கத்தில் அடையாளச் சீட்டும் வைத்து. இதை உதிரித் தாளில் எழுதுகிறேன். "உனக்குப் பைத்தியம்க்கா," என்றாள் தங்கை. பிறகு அவளே, "நானா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன்."

மார்ச் 24

பதில் வந்துவிட்டது. கலம் செல்லும். கால் செல்லாது. புதுக் கால் பொருத்த மே கடைசிவரை அவகாசம்.

கடிதத்தின் அடியில் குழுத் தலைவர் கையால் ஒரு வரி: 'அந்த இயக்குநரிடம் நானும் வேலை பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பது சரி.'

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மார்ச் 25

காலையிலேயே உட்கார்ந்துவிட்டோம். நாலு காலுக்குப் பதில் மூன்று; பழையதைவிட எடை குறையும், பார்க்கவும் நன்றாக இருக்கும். இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை?

ஸ்கேல் கோடு போட்டு முடித்தார். மூலைக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"என்ன நம்பர் போடட்டும் மேடம்?"

"ஒண்ணு."